ஆறு மாத நல்லவள்

அத்தியாயம் 9

"என்ன காணாமப் போச்சு?" என்று கேட்டார் தவமலர் அக்கா.

"நான் நல்ல பொண்ணுங்கிறதுக்கு அத்தாட்சி," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த பெண்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். பதினெட்டு வருடம் போலீஸில் இருந்து கோப்ரல் பதவியோடு வெளியே வந்த கால் அது. வலித்தது.

மலையூரான பிரிஞ்சாங்கின் கடைத்தெருவில் போட்டோஸ்டட் கடைக்கு மேல்மாடியில் 'தவமலர் துப்பறியும் சேவை' என்று ஒரு பலகை தொங்கும். கீழ்க்கடைக்காரர் அதே பலகையின் ஓரத்தில் 'லேமினேட் செய்து தரப்படும்' என்றும் எழுதிவிட்டதால், படியேறி வருபவர்களில் பாதிப் பேர் எங்களிடம் பிறப்புப் பத்திரத்தைத்தான் நீட்டுவார்கள். அங்கே நான், டெஸ்மண்ட், ஓட்டுநராகவும் உதவியாளாகவும் கோப்பி வாங்கி வருபவனாகவும் இருக்கிறேன். மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரே திட்டு.

வந்தவள் பெயர் பூவிழி. வயது இருபத்து மூன்று. லெம்பா பெர்த்தாமில் காய்கறி பேக்கிங் வேலை. இருப்பது ரிங்லெட்டுக்கு மேலே பச்சைக்கல் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், அத்தை வீட்டில். கைப்பேசியை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அம்மா லைன்ல இருக்காங்க. கனடாவிலேருந்து."

"வணக்கம் சிஸ்டர்," என்றது கைப்பேசி. "நான் துளசி. திருடினது யாருன்னு எனக்குத் தெரியும். என் நாத்தனா ரஞ்சிதம். நீங்க கண்டுபிடிச்சுக் கையில குடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன். போலீஸ்ல ரிப்போர்ட்டும் போடணும்."

"எல்லாத்தையும் நீங்களே கண்டுபிடிச்சிட்டா எங்களுக்கு என்னம்மா வேலை?" என்றேன். மறுபடியும் மிதி.

விஷயம் இதுதான். துளசியின் கணவர் தாப்பா ரோட்டில் லோரி கவிழ்ந்து இறந்துபோனார். ஒன்பது வருடத்துக்கு முன் துளசி, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கனடா போனார். பதினாலு வயதுப் பூவிழியைக் கணவரின் தங்கை ரஞ்சிதத்திடம் விட்டுவிட்டுப் போனார். அங்கே நிரந்தரமாகத் தங்க உரிமை கிடைத்த கையோடு மகளை அழைத்துக்கொள்ள ஸ்பான்சர் விண்ணப்பம் போட்டார். அப்போது பூவிழிக்கு இருபத்தொன்று. இருபத்திரண்டு நிறைந்துவிட்டால் கனடாக்காரர்கள் கணக்கில் பிள்ளை பிள்ளையில்லை. நல்லவேளையாக, விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளின் வயதைத்தான் பார்ப்பார்களாம். ஆக, இந்த ஃபைல் ஒன்றுதான் தாய்க்கும் மகளுக்கும் இடையே இருக்கிற பாலம். இதை மூடிவிட்டால் இன்னொன்று திறக்க வழியில்லை.

அந்த ஃபைலுக்கு இப்போது போலீஸ் சர்ட்டிபிகேட் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பெண் எந்தக் குற்றமும் செய்யாதவள் என்று இந்த நாடு எழுதிக்கொடுக்கும் நன்னடத்தைச் சான்று. அனுப்பும் நாளில் அது கொடுக்கப்பட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. கெடு வெள்ளிக்கிழமை.

அன்றைக்குப் புதன், ஆகஸ்ட் ஆறாம் தேதி.

"புதுசா ஒண்ணு எடுக்கிறதுதானே?" என்றார் அக்கா.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி போட்டேன்க்கா. வெள்ளிக்குள்ள வராது. பழசு கெடைச்சிரும் கெடைச்சிரும்னு இருந்துட்டேன். ஜனவரியிலேயே ஒண்ணு போட்டு வச்சேன், கேட்டா ரெடியா இருக்கட்டும்னு. அது அனுப்பியாச்சாம். தோட்டத்து ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு வாங்கியும் ஆச்சாம். என் கண்ணுல படவே இல்ல."

"கெடு நீட்டிக் கேட்டியா?"

"ஒரு தடவ குடுத்துட்டாங்க. இதான் கடைசின்னு எழுதியிருக்காங்க."

"காணாமப் போனதைக் கண்டுபிடிக்க எங்க அந்தோணியார் இருக்கார்," என்றேன். "ஒரு மெழுகுவர்த்தி போதும். தவமலர் அக்காவைவிட ரேட் கம்மி."

பூவிழி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எப்படியாவது அந்தக் காகிதத்தைத் தேடிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்தது. வீட்டில் இரண்டு தங்கைகள் இருக்கிறவன் நான்.

பூவிழியையும் ஏற்றிக்கொண்டு போனோம். பச்சைக்கல் தோட்டத்து ஆபீஸில், கணக்கும் தபாலும் பார்க்கும் கிராணி குகனேஸ்வரன் எங்களைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தோட்ட மேலாளரான துரையின் அனுமதி இல்லாமல் எதையும் காட்ட முடியாது என்றார். அக்கா அவருடைய பேரப்பிள்ளைகளை விசாரித்தார், முழங்கால் வலியை விசாரித்தார், அவர் தம்பிக்கு 2011இல் ஒரு வழக்கில் ஜாமீன் கிடைத்த கதையை விசாரித்தார். நோட்டுப் புத்தகம் தானாக மேசைக்கு வந்தது.

"பதிவுத் தபாலு, லயத்து ஆளுங்களுக்கு வர்றது எல்லாம் இதுலதான்," என்றார் கிராணி. "சம்பளச் சீட்டு குடுக்கிற ஏழாம் தேதி சேத்துக் குடுத்துருவோம். பழைய துரை காலத்துலேருந்து இப்படித்தான்லா. ஒவ்வொரு கடுதாசிக்கும் ஒரு தடவ ஆள கூப்பிட்டா கொழுந்து யாரு எடுக்கிறது?"

விரலால் வரிகளைத் தடவிக்கொண்டு போன அக்கா ஓர் இடத்தில் நிறுத்தினார். மார்ச் ஏழு. 'பூவிழி, அரசாங்க உறை, ஒன்று.' பக்கத்தில் உருண்டையான எழுத்தில் கையெழுத்து: ரஞ்சிதம்.

"துளசியம்மா சொன்னது சரிதான்," என்றேன், லேண்ட்ரோவரில் ஏறியதும். "நாத்தனார்தான் அமுக்கிட்டாங்க. ஆனா ஒரு நல்ல சேதி இருக்குக்கா. மார்ச் ஏழுலேருந்து ஆறு மாசம்னா செப்டம்பர் ஏழு. இன்னும் ஒரு மாசம் உயிர் இருக்கு. காகிதத்தைப் பிடுங்கிட்டா போதும்."

"ம்," என்றார் அக்கா.

நான் விசில் அடித்துக்கொண்டே லயத்துக்கு வண்டியை விட்டேன். அந்த 'ம்'மை அப்போதே கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும்.

ரஞ்சிதம் அப்போதுதான் கொழுந்து நிறுத்துவிட்டு வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, இடுப்பில் இன்னும் கொழுந்தெடுக்கும்போது கட்டும் ரப்பர் படங்கு. எங்களைப் பார்த்துப் பயப்படுவார் என்று நினைத்தேன். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

வருகிற வழியில் வாங்கிய சார்டின் மீன் கறி பஃப் பொட்டலத்தை நீட்டினேன். எதிரியை முதலில் வயிற்றின் வழியாக மடக்கு என்பது என் கட்சி.

"வேணாம் தம்பி. நான் இப்ப சைவம்."

"எப்பலேருந்து?" என்றார் அக்கா.

"மாசியிலேருந்து."

அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அலமாரி, சாமிப் படங்கள், பூவிழியின் பள்ளிக்கூடப் பரிசுக் கோப்பை. கொடியில், உள்ளே வைத்துத் தைத்த பஞ்சோடு, கரடிபோல ஒரு கனத்த குளிர்ச்சட்டை தொங்கியது.

"இது யாருக்கு?"

"பாப்பாவுக்கு. பழைய துணி விக்கிற பண்டல் கடையில வாங்கினேன். அங்க நம்ம மலைக்குளிர் மாதிரி இல்லையாம், காதே உதிர்ந்துருமாம். அண்ணி போன்ல சொன்னாங்க."

"ரஞ்சிதம்க்கா, மார்ச் ஏழாம் தேதி ஆபீஸ்ல ஒரு உறை வாங்கினீங்க. எங்க வச்சிருக்கீங்க?"

ரஞ்சிதம் தலையைக் குனிந்துகொண்டார். "கேக்காதீங்க தங்கச்சி."

"அந்தக் காகிதம் இல்லாட்டி இவ போக முடியாது."

"தெரியும். போவா." அந்த ஒரு வார்த்தையில் இருந்த உறுதியைப் பார்த்தால் விமான டிக்கெட்டே அவர் மடியில் இருக்கிறதோ என்று தோன்றியது.

"அத்தை, சொல்லுங்களேன்," என்று பூவிழி அவர் கையைப் பிடித்தாள். "அஞ்சு மாசமா நான் தேடுறேன். ஒரு வார்த்த சொன்னா என்ன?"

ரஞ்சிதம் அவள் தலையைத் தடவினார். வாய் திறக்கவில்லை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஒன்று வெளுத்துப்போய்க் கிடந்தது.

அக்கா என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"டெஸ்மண்ட், போகக் கூடாதுன்னு நினைக்கிறவ குளிர்ச்சட்டை வாங்குவாளா?"

"மாட்டாங்க."

"தொலைச்சவளா இருந்தா அழுவா. திருடினவளா இருந்தா சண்டைக்கு வருவா. இவங்க நாற்காலி துடைக்கிறாங்க. கடிதம் வந்த மாசியிலேருந்து மீன் இல்ல, கறி இல்ல. கையில மஞ்சக் கயிறு. கேட்டா வாயைத் தொறக்கல, ஆனா பொய்யும் சொல்லல. என்ன அர்த்தம்?"

"நாங்க வேதக்காரங்கக்கா. எங்களுக்கு நாப்பது நாள் தவக்காலம்தான் தெரியும். அதுவும் முப்பதாவது நாளே எங்கம்மாவுக்குத் தெரியாம கோழி வச்ச நாசி லெமாக்."

"நேர்ந்துகிட்டவங்க வெளிய சொல்ல மாட்டாங்க. சொன்னா பலிக்காது." அக்கா உள்ளே போனார். "ரஞ்சிதம்க்கா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். தலையாட்டவும் வேணாம். நாங்க கோயில் வரைக்கும் போறோம். நீங்களும் வர்றீங்களா?"

 ரஞ்சிதம் படங்கை அவிழ்த்துவிட்டு, முகம் கழுவப் போனார்.

தேயிலைக்கு நடுவில் தகரக் கூரை போட்ட சின்ன மாரியம்மன் கோயில். ஒரு பக்கம் மண் சரிந்து மடப்பள்ளிச் சுவரைத் தள்ளியிருந்தது. புதிதாகக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பூசாரி ராமையா, தோட்டத்தில் மருந்தடித்து ஓய்வு பெற்றவர். விஷயத்தை அவர்தான் கடைசியில் எங்களுக்கு விளக்கிச் சொன்னார்.

இந்தத் தோட்டத்திலிருந்து தூர தேசம் போகிறவர்கள், தங்கள் பாஸ்போர்ட்டையோ வேலைக் காகிதத்தையோ அம்மன் பீடத்துக்குக் கீழே இருக்கிற தகரப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். சித்திரைத் திருவிழாவில் காப்பு அவிழ்க்கும் நாளில்தான் பெட்டியைத் திறப்பது. அதுவரை வைத்தவர் மாமிசம் தொடக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது. சாதாரண வருடத்தில் ஒரு மாதம், ஒன்றரை மாதம். யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

"இந்த வருஷம் மண்ணு சரிஞ்சிருச்சு," என்றார் ராமையா. "செவரு கட்டாம சாமி தூக்க வேணாம்னு துரை சொல்லிட்டாரு. நியாயந்தான், ஆளு மேல விழுந்தா? ஆவணிக்குத் தள்ளிட்டோம்."

"பெட்டியை இப்பவே தொறக்க முடியுமா?"

"நான் எப்படிலா தொறக்கிறது? அவகிட்டத்தான் கேக்கணும்."

கேட்டார்கள். வெள்ளைச் சாமந்தி ஒன்று, சிவப்புச் சாமந்தி ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் உருட்டிப் போட்டார் ராமையா. வெள்ளை வந்தால் உத்தரவு. ரஞ்சிதம் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். ஒரு மடிப்பை எடுத்து ராமையாவிடம் கொடுத்தார்.  நான், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கன், அந்த மாரியம்மனைப் பார்த்து, 'தாயே, வெள்ளை, வெள்ளை' என்று வாய்க்குள் கெஞ்சினேன். அந்தோணியார் மன்னிப்பார்.

வெள்ளை.

பூவிழி கைதட்டினாள். ராமையா மணியை அடித்தார். நான் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன், அவர் மிதிக்கவில்லை. பெட்டி திறந்தது. திருநீற்று வாசனையோடு அந்த உறை வந்தது. ஒட்டிய வாய் ஒட்டியபடி இருந்தது.

"நான் பிரிச்சுக்கூடப் பாக்கல," என்றார் ரஞ்சிதம் பெருமையாக. "லயத்துல எலி இருக்கு, மழைக்கு ஒழுகுது. இங்க இருந்தா ஒண்ணும் ஆகாது. பாருங்க, ஒரு மடிப்பு இல்ல, ஒரு கறை இல்ல."

உண்மைதான். அந்த உறைக்குள் இருந்த காகிதம் அன்றைக்குக் காலையில் அச்சடித்ததுபோல இருந்தது. பூவிழியின் பெயர், அடையாள அட்டை எண், குற்றப் பதிவு எதுவும் இல்லை என்ற வாசகம், முத்திரை. அக்கா எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகக் கீழே தேதியைப் பார்த்தார். பிறகு காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மன் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

ஜனவரி இருபத்தெட்டு.

மார்ச் ஏழு என்பது கிராணி உறையைக் கையில் கொடுத்த தேதி. கடிதம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி ஏழுக்கு ஒன்றிரண்டு நாள் கழித்தாக இருக்க வேண்டும். அந்த மாதச் சம்பளச் சீட்டைத் தவறவிட்டு, அடுத்த சம்பளச் சீட்டுக்காக ஆபீஸ் மேசையில் ஒரு மாதம் தூங்கியிருக்கிறது. அந்த நோட்டில் வாங்கிய தேதி மட்டும்தான் உண்டு, வந்த தேதி கிடையாது. ஏழாம் தேதிதான் சேர்த்துக் கொடுப்போம் என்று கிராணி என் முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் விசில் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி இருபத்தெட்டிலிருந்து ஆறு மாதம் ஜூலை இருபத்தெட்டு. ஒன்பது நாள் முன்னால் செத்துப்போன காகிதத்தைத்தான் நாங்கள் மணி அடித்து வெளியே எடுத்திருக்கிறோம்.

பூவிழி என் தோளுக்கு மேலாகத் தேதியைப் படித்துவிட்டாள். என் சட்டைக் கையை அவள் விரல்கள் பிடித்துக்கொண்டது தெரிந்தது.  ரஞ்சிதத்துக்கு அந்த ஆறு மாத விதி தெரியாது, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் முகம் மலர்ந்துபோய் நின்றார்.

"பேரு அடிச்சிரலாமா?" என்று ராமையா ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். நேர்த்தி நிறைவேறினால் அதில் கோடு போட்டுவிடுவது வழக்கமாம். அட்டை கிழிந்த நோட்டில் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார்.

"இந்த வருஷத்துப் பக்கம் முன்னாடி இருக்கே," என்றார் அக்கா.

"இது இந்த வருஷத்து நேர்த்தி இல்லம்மா. வச்சதுதான் ரஞ்சிதம். நேர்ந்தது வேற ஆளு." விரலை வைத்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய பக்கம். 'நான் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால், என் மகள் போகும் காலத்தில் அவள் காகிதத்தையும் உன் காலடியில் வைக்கிறேன்.' கீழே கையெழுத்து.

துளசி.

அக்கா அந்த வரியை இரண்டு முறை படித்தார். இதுவரை எத்தனையோ பேரைக் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்துவிட்டோமே என்று அவர் முகம் அப்படி வாடியதை நான் பார்த்ததில்லை.

"அண்ணி மறந்துட்டாங்க," என்றார் ரஞ்சிதம் மெதுவாக. "பனியில, வேலையில, அவங்களுக்கு ஆயிரம். பக்கத்துல நின்னு கேட்டவ நானு. நான் மறந்தா அம்மா சும்மா விடுவாளா? அவங்களுக்குப் பதிலா நான் வச்சேன். அவங்களுக்குச் சொல்லிக் காட்டுற மாதிரி ஆயிரும்னுதான் சொல்லல."

அவர் உள்ளே போய் விழுந்து கும்பிட்டார். நாங்கள் மூவரும் வெளியே கல் குவியலுக்குப் பக்கத்தில் வந்து நின்றோம். பூவிழி கைப்பேசியை அக்காவிடம் நீட்டினாள். தன்னால் பேச முடியாது என்று தலையை ஆட்டினாள். கனடாவில் விடியற்காலம். ஒரே மணியில் துளசி எடுத்துவிட்டார்.

"கெடைச்சதா சிஸ்டர்? ரஞ்சிதம் ஒத்துக்கிட்டாளா?"

"கெடைச்சது."

"மாரியாத்தா! நான் சொன்னேன்ல, அவதான்னு?"

"தேதி முடிஞ்சிருச்சு துளசி. ஜூலை இருபத்தெட்டோட."

 அந்த நேர்த்தி விஷயத்தை அக்கா சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் அங்கே ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் போலீஸில் கொடுக்கக் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி கிளம்புறப்ப, அம்மன்கிட்ட என்ன நேர்ந்துகிட்டீங்க?"

"நானா? நான் பாஸ்போர்ட் வச்சேன். வேற..." குரல் அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் எங்கோ ஒரு கிழவர் இருமும் சத்தம் கேட்டது. துளசி பார்த்துக்கொள்ளும் யாரோ.

"ஐயோ," என்றார். "ஐயோ, சிஸ்டர்."

அக்கா கோயில் பக்கம் பார்த்துவிட்டு ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தார்.

"நான் மறந்தே போயிட்டேன். அவள எவ்வளவு திட்டிட்டேன். போன வாரம்கூட..." அழுகை வந்துவிட்டது. அழுகைக்கு நடுவில் திடீரென்று கோபம். "அதுல என் பொண்ணு நல்லவன்னுதானே எழுதியிருக்கு? ஜூலையில நல்லவ, ஆகஸ்ட்ல கெட்டுப் போயிருவாளா? ஒன்பது நாள்ல என்ன கொலையா பண்ணியிருப்பா? நீங்க போலீஸ்ல இருந்தவங்கதானே, நீங்களே சொல்லுங்க!"

அக்கா கைப்பேசியைப் பூவிழியிடம் திருப்பிக் கொடுக்க, அவள் தள்ளிப்போய் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசி முடித்தாள். எனக்கு யார்மீதாவது ஆத்திரப்பட வேண்டும்போல இருந்தது. கிராணிமீது பட்டேன், அவர் பழைய துரை காலத்து வழக்கத்தைத்தான் செய்தார். மண்ணின்மீது பட்டேன். ஆறு மாதம் என்று எழுதிவைத்த முகம் தெரியாத மனிதர்மீது பட்டேன், அவருக்கும் ஏதோ நியாயம் இருக்கும். கடைசியில் ஆத்திரம் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நின்றது. எத்தனையோ வழக்குகளில் யாராவது ஒரு அயோக்கியன் இருந்தான். இங்கே ஒருவர்கூட இல்லையே.

"அனுப்பிப் பாப்போம்," என்றார் அக்கா. "செத்த காகிதம்தான். கூட ஒரு விளக்கக் கடிதம் வைப்போம். புதுசு போட்டதுக்கு ரசீதும் வைப்போம்."

"ஏத்துப்பாங்களாக்கா?" என்றாள் பூவிழி.

"எனக்குத் தெரியாதும்மா."

கல் குவியலின் மேல் உட்கார்ந்து, பூவிழியின் கைப்பேசியில் அக்கா ஆங்கிலத்தில் தட்டினார். 'சான்றிதழ் தாமதமானதற்குக் காரணம்' என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னன்னு எழுதறது?"

  கடைசியில் அவரே எழுதினார்: 'குடும்பத்தாரின் பத்திரமான பாதுகாப்பில் இருந்தது.' ஒரு சொல்லும் பொய் இல்லை. அது அங்கே யாருக்கும் ஒன்றும் புரியவைக்கவும் போவதில்லை. காகிதத்தைப் படம் எடுத்தேன். வெளிச்சம் குறைந்துவிட்டதால் மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது. பூவிழி அனுப்பினாள்.

அரை நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. உங்கள் ஆவணம் கிடைத்தது, இது தானியங்கிப் பதில், இந்த முகவரிக்கு யாரும் பதில் எழுத வேண்டாம்.

"அத்தைக்கு எதுவும் சொல்லாதீங்கக்கா," என்றாள் பூவிழி. "அம்மாகிட்டயும் நான் சொல்லிட்டேன். இவங்க அஞ்சு மாசமா வாயக் கட்டிக் காப்பாத்துனது. அதுதான் கெடுத்துச்சுன்னு தெரிஞ்சா செத்துருவாங்க."

ரஞ்சிதம் குங்குமத் தட்டோடு வெளியே வந்தார். எல்லார் நெற்றியிலும் இட்டார், எனக்கும் சேர்த்து. நான் நெற்றியைக் காட்டினேன்.

"அனுப்பிட்டியா பாப்பா?"

"அனுப்பிட்டேன் அத்தை."

"பதில் வந்துச்சா?"

"வந்துருச்சு. கெடைச்சிருச்சுன்னு போட்டிருக்காங்க."

ரஞ்சிதம் தட்டைக் கீழே வைத்தார். இவ்வளவு நேரமும் கலங்காத மனுஷி, அப்படியே படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஏன் அழுகிறார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை.

"பதினாலு வயசுல என் கையில குடுத்துட்டுப் போனாங்க," என்றார். "நீ கிளம்பிட்டா நான் யாருக்குடி சோறாக்குவேன்? சாயந்தரமானா அந்த வீட்டுல நான் யாரு மூஞ்சிய பாப்பேன்?"

பூவிழி அவர் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவரைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"அழாதீங்க அத்தை. நான் எங்கயும் போகல."

"சும்மா பொய் சொல்லாத," என்றார் ரஞ்சிதம், அழுகைக்கு நடுவே சிரித்து, அவள் கன்னத்தைத் தட்டி.